அவளுக்காக நான் சொன்ன பதில்

என் மனைவிக்குச் சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்று ஏற்காட்டில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. பாராட்டியவர்கள்தான் அதிகம். "வாத்தியாரு தெனமும் கீழ கூட்டிக்கிட்டுப் போயி கூட்டிக்கிட்டு வந்தாருங்க. வேற ஒருத்தரா இருந்தா இப்பிடிப் பாத்திருப்பாங்களா?" என்று அவள் இறந்த அன்று வாசலில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. திருப்பூரில் இருக்கும் என் மகளும் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறாள். நான் மறுத்ததில்லை. மறுக்காமலே இத்தனை வருடம் போய்விட்டது. இப்போது எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். ஒண்டிக்கடை என்ற சந்திப்புக்குப் பின்னால் வாடகை வீடு. மகளைக் கட்டிக்கொடுத்த மறு வருடம் என் மனைவிக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. தெரிந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவளுக்கு நான்கு மாதங்களாகத் தெரியும். எனக்குத்தான் அன்றைக்குத் தெரிந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டேன். அவள் ஏன் என்னிடம் சொல்லத் தயங்கினாள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கீழே இறங்கிப் பரிசோதித்தோம். மலையில் இருப்பவர்களுக்குச் சேலம் போவது என்றாலே 'கீழே போவது'தான். அறுவை செய்து ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். புண் ஆறியதும் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். ஊரில் அதற்குப் பெயர் கரண்டு வைப்பது. வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். நாங்கள் போன மருத்துவமனையின் டாக்டர் என்னைவிட வயதில் இளையவர். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆரம்பித்தால் முடிக்க வேண்டும், இடையில் வாரக்கணக்கில் விட்டால் பலன் குறைந்துவிடும், விட்ட நாளைப் பிறகு சேர்த்துக்கொள்ள முடியாது. அவள் பிழைப்பது அந்த ஆறு வாரத்தை விடாமல் முடிப்பதில் இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். அதில் தவறு இல்லை.

அவர் இதை ஆங்கிலத்தில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டேன். எந்த ஐசோடோப்பு, எவ்வளவு தூரத்திலிருந்து என்றெல்லாம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. உங்களைப் போலப் படித்தவர்கள் வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம் என்றார். எனக்கு அது எவ்வளவு இனித்தது என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். மனைவிக்குப் புற்றுநோய் என்று உட்கார்ந்திருந்த இடத்தில் அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. அவள் பக்கத்து ஸ்டூலில் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "என்னங்க சொன்னாரு?" என்றாள்.

"ஆறு வாரம் வரணுமாம். அந்த எடத்துல தண்ணி படக்கூடாது, சோப்பு போடக்கூடாது, எதையும் பூசக்கூடாது."

"ஏனுங்க பூசக்கூடாது?"

"பூசக்கூடாதுன்னா பூசக்கூடாது. அவரு டாக்டரு."

ஏன் என்று டாக்டர் எனக்கு விளக்கியிருந்தார். கதிர் பட்ட தோல் வெயிலில் வெந்த தோல் மாதிரி ஆகிவிடும், அதன்மேல் எது பட்டாலும் எரியும், கிழியும் என்று. பத்தாம் வகுப்புக்கு அதைவிடக் கடினமானதை நான் விளக்கியிருக்கிறேன். அவளுக்கு விளக்கவில்லை.

தினமும் காலை முதல் பஸ். பள்ளியில் முதல் இரண்டு பீரியடுக்கு அனுமதி வாங்கியிருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே வருவாள். கண்டக்டர் முன்சீட்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார். மருத்துவமனையில் அவள் உடம்பில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். கழுத்துக்குக் கீழிருந்து அக்குள் வரை ஒரு கட்டம். கதிர் அந்தக் கட்டத்துக்குள் விழ வேண்டும். மை அழியக்கூடாது.

நோயைவிட அவளை அப்போது வதைத்தது கை. அறுவை செய்த பக்கத்துக் கை தோளிலிருந்து விரல் வரை வீங்கி, கனத்து, தொங்கியது. தண்ணீர்க் குடத்தை விடுங்கள், குழம்புச் சட்டியைக்கூடத் தூக்க முடியவில்லை. கண்ணாடி வளையல் சதைக்குள் புதைந்துவிட்டது. உடைத்து எடுத்துவிடலாம் என்று சொன்னேன். "நீங்க இருக்கயிலயே ஒடைக்கறதா?" என்று அழுதுவிட்டாள். நான் எரிச்சலோடு பள்ளிக்குப் போய்விட்டேன். மாலையில் வந்தபோது வளையல்கள் முழுதாக அலமாரியில் இருந்தன. ஒண்டிக்கடையில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மனைவி வந்து, நல்லெண்ணெய் தடவி, விரல் விரலாக நீவி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார்.

அந்த அம்மாளை என் மனைவி அக்கா என்பாள். எனக்கும் அவர் அக்காதான். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். கடையின் பின்பக்கமும் எங்கள் சமையலறைக் கதவும் எதிரெதிரே. கை வீக்கத்தைப் பற்றி நான் டாக்டரிடம் கேட்டேன். இந்த அறுவைக்குப் பின் சிலருக்கு இப்படி ஆகும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அதை அப்படியே வந்து சொன்னேன். பொறுத்துக்கொள்ள வேண்டியவள் அவள்.

இரண்டாவது வாரம் அக்கா ஒரு பாட்டிலில் கஷாயம் கொண்டுவந்தார். மலையடிவாரத்தில் குப்பனூரில் ஒரு வைத்தியர் இருக்கிறார், எங்கள் கடைக்குச் சரக்கு அந்தப் பாதையில்தான் வருகிறது, சொல்லி வாங்கிவந்தேன் என்றார்.

"வீக்கம் வத்துமாமுங்க. நெறயப் பேருக்குக் கேட்டிருக்குது."

"அக்கா, இதுல என்ன போட்டிருக்காருன்னு சொல்லுவாரா?"

"வேரு, பட்டைன்னாரு. நமக்கென்னங்க தெரியும்?"

"தெரியாதத எப்பிடிங்கக்கா குடிக்கறது? இங்க குடுங்க. நான் லேப்ல பாத்துட்டுச் சொல்றேன்."

அக்கா சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார். "உங்க ஊட்டுக்காரரு கஷாயத்துக்கும் பரீட்ச வெப்பாரு கண்ணு," என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் நான் அந்தப் பாட்டிலைப் பத்தாம் வகுப்புக்கு எடுத்துப்போனேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. மேசைமேல் வைத்து, இது புற்றுநோயைக் குணப்படுத்துமாம் என்றேன். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. வீக்கம் வற்றும் என்றுதான் சொன்னார். வகுப்புக்குச் சுவையாக இருக்கட்டும் என்று நான் மாற்றினேன். நீல லிட்மஸ் தாளை முக்கினேன். லேசாகச் சிவந்தது. "புளித்தண்ணியும் இதைச் செய்யும். அதுவும் கேன்சர் மருந்துதானா?" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பீரியட் முடிந்ததும் கஷாயத்தைச் சிங்க்கில் ஊற்றிவிட்டேன்.

ஏற்காடு சின்ன ஊர். அந்த வகுப்பில் பாதிப் பேர் அக்காவின் கடையில் மிட்டாய் வாங்குகிறவர்கள். நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி சமையலறைக்குப் போய்விட்டது. என் மனைவி சண்டை போடவில்லை. காப்பியை வைத்துவிட்டு, "அவிய நமக்காகப் போயி வாங்கியாந்தாங்க. பசங்க முன்னாடி சிரிக்கோணுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். "இனிமே இந்த நாட்டு மருந்தெல்லாம் ஊட்டுக்குள்ள வரக்கூடாது," என்றேன். "சரிங்க," என்றாள்.

அந்தச் 'சரிங்க'வுக்குப் பிறகு அவள் தன் உடம்பைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதை நான் தைரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் வெளியே துணி காயாது. நாள் முழுதும் மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். ஈரத்துணியைச் சமையலறையில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காயப்போடுவோம். ஒரு சனிக்கிழமை வெந்நீர் எடுக்கப் போனபோது கயிற்றில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கியது. அதில் துவைத்தும் போகாத கறை. சிவப்பாக இருந்தது. ரத்தச் சிவப்பு இல்லை, குங்குமம் கரைத்த மாதிரி. ஓரங்களில் மஞ்சள்.

வேதியியல் ஆசிரியனுக்கு அந்தக் கறை என்ன என்று தெரியாமல் இருக்க வழியில்லை. மஞ்சள் காரத்தில் பட்டால் சிவக்கும். ஒவ்வொரு ஜூலையிலும் வடிதாளில் மஞ்சள் தடவி, சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி, பையன்களுக்குக் காட்டுகிறவன் நான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பத்து. சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் நம் ஊரில் போடுவது. அதைக் கதிர் பட்ட தோலில் போட்டால் என்ன ஆகும் என்பதையும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

துண்டைப் பார்த்தேன். வெந்நீரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஏன் கேட்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே பலவிதமாகச் சொல்லிக்கொண்டேன். சுளுக்காக இருக்கும், மணிக்கட்டில் மட்டும் போட்டிருப்பாள், அக்காவின் துண்டாக இருக்கலாம். உண்மை வேறு. கேட்டால், இந்த ஊரில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசுகிறவனின் வீட்டுக்குள்ளேயே இது நடக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை கதிர்வீச்சு அறையிலிருந்து டெக்னீஷியன் வெளியே வந்தார். "சார், அம்மாவுக்கு மார்க்கெல்லாம் அழிஞ்சிருக்கே. அக்குள் பக்கம் கோடே இல்ல. ஏதாவது பூசினாங்களா?"

"மழைக்காலம் இல்லீங்களா, பஸ்ஸுல கூட்டம். வேர்வையா இருக்கும்," என்றேன்.

அவர் மறுபடி கோடு போட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி அழிந்திருந்தது. இந்த முறை டாக்டரே கூப்பிட்டார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் அவளைப் பரிசோதித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார். தோல் நான் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருக்கிறது. வேறு ஏதாவது வைத்தியம் செய்கிறீர்களா? நாட்டு மருந்து, எண்ணெய், பத்து? செய்தால் தப்பில்லை, எனக்குத் தெரிய வேண்டும்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. காத்திருந்தாள் என்று மட்டும் சொல்லலாம்.

"நோ, டாக்டர்," என்றேன். "எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது," என்று ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியமும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அவர் என்னை நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் இல்லை.

நான்காவது வாரம் முடிவதற்குள் அக்குளில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. டாக்டர் கதிர்வீச்சை நிறுத்தினார். புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. ஆறிய பிறகு மிச்சத்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று சொல்லி, மாத்திரை எழுதிக்கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். ஆறு வாரம் முடியவில்லை.

புண் இருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குப்பனூர் பாதையில் இறங்கினேன். யாரிடமாவது சத்தம் போட வேண்டும்போல இருந்தது. வைத்தியர் எளிதில் அகப்பட்டார். ஓடு வேய்ந்த கொட்டகை, நாலைந்து சாக்கு மூட்டை, வாசலில் காத்திருக்கும் பத்துப் பேர். என் வயதுதான் இருக்கும். போலீசுக்குப் போவேன் என்று ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஏனுங்க, கோவப்படாதீங்க. எந்தம்மாவுக்குங்க? ஏற்காட்டுப் பாயம்மா வாங்கிட்டுப் போனாங்களே, கை வீக்கம்னு, அவங்களுக்குங்களா?"

"ஆமா. கரண்டு வெச்ச ஒடம்புல சுண்ணாம்பு போடச் சொல்லியிருக்கீங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "கரண்டு வெக்கறாங்களா? எங்கிட்ட யாருமே சொல்லலீங்களே. ஆப்பரேசன் பண்ணுனாங்க, கை வீங்கிப்போச்சுன்னுதான் சொன்னாங்க. கரண்டு வெச்ச ஒடம்புன்னா நான் தொடவே மாட்டனுங்க. நீங்களாச்சும் ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண், "படிச்சவரு மாதிரி இருக்காரு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நான் பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றேன்.

கரண்டு வைப்பதைச் சொன்னால் வைத்தியர் மருந்து தரமாட்டார் என்று பயந்து அக்காதான் மறைத்திருக்கிறார். அக்கா பின்னால் என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். "கைய தூக்க முடியலீங்கக்கான்னு அந்தப் புள்ள தெனமும் அழுவுங்க. உங்ககிட்டச் சொல்லப் பயம். நானும் பாத்துக்கிட்டே இருக்கோணுமுங்களா?" அக்காவிடம் எனக்குக் கோபம் வரவில்லை. என் மனைவி தினமும் அழுதாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒன்றரை வருடம் கழித்துக் கழுத்தெலும்புக்கு மேலே கட்டி வந்தது. முதுகில் வலி. டாக்டர் படங்களை விளக்கில் வைத்துக் காட்டி, எலும்புக்குப் போய்விட்டது என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வலியைக் குறைக்கலாம், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். வெளியே வந்து அவளிடம், "வாத வலியாம், மாத்திரை குடுத்திருக்காரு," என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு மதியம். சாப்பிட்டு முடித்திருந்தோம். அவள் முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கையால்தான். வீங்கிய கை மடியில் கிடந்தது. எனக்கு என்ன தோன்றிற்றோ, எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். துண்டைப் பார்த்ததை, கறை என்ன என்று தெரிந்ததை, டாக்டர் என்ன கேட்டார் என்பதை, நான் இல்லை என்று சொன்னதை.

அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியுமுங்க," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நோன்னீங்க. அதுகூடவா எனக்குப் புரியாது?"

"அப்பறம் ஏன் நீ சொல்லல? டாக்டரு எதுர்லதான உக்காந்திருந்தாரு. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"எப்பிடிங்க சொல்றது?" என்று நிமிர்ந்தாள். "அந்தப் பெரிய மனுசன் முன்னாடி நீங்க இல்லைன்னு சொல்லிட்டீங்க. நான் ஆமாங்கறதுங்களா? உங்களப் பொய்யாக்கச் சொல்றீங்களா?"

நான் ஒரு கீரைக்கொத்தை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். துண்டப் பாத்தது எனக்குத் தெரியும். வெந்நி எடுக்க வந்தீங்க, பாத்தீங்க, போயிட்டீங்க. சரி, டாக்டருகிட்டச் சொல்லிருவாருன்னு இருந்தேன். நானும் பயந்துக்கிட்டுத்தானுங்க போட்டேன். வேண்டாம்னு அவரே சொன்னாருன்னா விட்டிருப்பேன்."

மழை இல்லாத மதியம் அது. பக்கத்து வீட்டு ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டு, "அவரு எதுக்குங்க உங்ககூட இங்கிலீசுலயே பேசறாரு?" என்று கேட்டாள். வெறுமனே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அடுத்த முறை போனபோது நான் டாக்டரிடம் சொன்னேன். முதல் தடவையாகத் தமிழில் சொன்னேன், அவளுக்கும் கேட்கட்டும் என்று. அவர் நடுவில் குறுக்கிடவில்லை. எத்தனை நாள் போட்டீர்கள், சுண்ணாம்பு எவ்வளவு, கஷாயமும் குடித்தீர்களா என்று கேட்டார். அவளிடம் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இங்க வர்றவங்கள்ல நிறையப் பேரு ஏதாவது ஒண்ணு செஞ்சுக்கிட்டுத்தான் வர்றாங்க. கஷாயம், எண்ணெய், தாயத்து, விபூதி. யாரையும் நான் திட்டினதில்ல. நீங்க சொல்லியிருந்தா, கோடு போட்ட எடத்துல மட்டும் வேண்டாம்மான்னு சொல்லியிருப்பேன். கைவீக்கத்துக்குத் துணி கட்டுறது, நீவி விடுறதுன்னு ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்."

"அதனாலதானுங்களா டாக்டர் இப்ப..."

"அது தெரியாது சார். கதிர்லயே சிலருக்குப் புண்ணாகும். முழுசா முடிச்சவங்களுக்கும் திரும்பி வந்திருக்கு. அதனாலதான்னு நான் சொல்லமாட்டேன். இல்லைன்னும் சொல்லமாட்டேன்."

எனக்குக் கிடைத்த தீர்ப்பு அவ்வளவுதான். இதுவரை அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?"

என் வாய் திறந்துவிட்டது. இல்லை டாக்டர் என்று சொல்லப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கேக்கோணுமுங்க. எண்ணெ தேச்சு நீவிக்கிலாமுங்களா? பாயம்மா நீவுனா நொம்ப சொகமா இருக்குதுங்க."

"தாராளமா. அழுத்தாம, விரல்லருந்து மேல பாத்து."

"அவிய ஓதித் தண்ணி குடுப்பாங்க. குடிக்கலாமுங்களா?"

"கொதிக்க வெச்ச தண்ணியா இருந்தா குடிங்க," என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

"இது வாத வலி இல்லைங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவளுக்கு அவர் உண்மையைச் சொன்னார். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக, நல்ல தமிழில். மதுரைப் பக்கத்துக்காரர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் இன்னும் இரண்டு மூன்று கேட்டாள். எவ்வளவு நாள், படுக்கையில் விழாமல் இருக்க முடியுமா, மகள் பிரசவத்துக்கு வந்தால் பார்க்க முடியுமா. கால் மணி நேரம் பேசினார்கள். நான் இல்லாத மாதிரி இருந்தது. உண்மையில் அந்த அறையில் நான் தேவைப்படவும் இல்லை.

பஸ்ஸுக்காக நிற்கும்போது அவள் சொன்னாள். "இத்தன நாளா நானே பேசியிருக்கலாமுங்க. நல்லா வெவரமாச் சொல்றாரு." குற்றம் சொல்லும் குரலே அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் இருந்தது ஏழு மாதம். மகளின் குழந்தையைப் பார்த்தாள். கையை அக்கா தினமும் நீவிவிட்டார். எங்கள் கூடத்தில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு. வீக்கம் பெரிதாக வற்றவில்லை. ஆனால் நீவும் நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பாள், முகத்தில் வலி இருக்காது. நானும் நீவக் கற்றுக்கொள்கிறேன் என்று ஒருநாள் சொன்னேன். "உங்க கை கரடுங்க," என்று சிரித்து மறுத்துவிட்டாள். அக்கா, "வாத்தியாருக்குச் சாக்பீஸு புடிச்ச கை," என்றார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

மருத்துவமனைக்கும் அவள் என்னோடு வருவதை நிறுத்திவிட்டாள். "நீங்க பள்ளிக்கொடத்துக்குப் போங்க. பசங்க படிப்புக் கெடுது. நானும் அக்காவும் போயிட்டு வந்தர்றோம்," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எழுந்து நடக்க முடிந்தவரை மாதம் ஒருமுறை இருவரும் முதல் பஸ்ஸில் போனார்கள். நான் பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிடுவேன். முன்சீட்டில் அக்கா ஜன்னல் பக்கம், அவள் அக்காவின் தோளில் சாய்ந்து. பஸ் கிளம்புவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடும். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் எனக்கு ஒன்றும் கேட்காது.

மாலையில் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பேன். எனக்குச் சொல்ல வேண்டியது என்று அவள் நினைத்ததைச் சொல்வாள். மற்றதைச் சொல்லவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்ததால் நானும் இரண்டாம் முறை கேட்டதில்லை.